ஸ்டிக்கர் சாரின் நற்சாட்சி

ஆம்பூரிலிருந்து வேலூர் வரை எத்தனை ஷூ கம்பெனி உண்டோ, அத்தனை கம்பெனியிலும் ஒரு ஆளுக்காவது வேலை கிடைக்காமல் செய்தவர் ஸ்டிக்கர் சார். காசு வாங்கிக்கொண்டு கெடுத்திருந்தால் மன்னித்திருப்பேன். பொறாமையில் கெடுத்திருந்தால் சரி, மனுஷன்தானே என்று விட்டிருப்பேன். அவர் உண்மையைச் சொல்லிக் கெடுத்தார். அதைத்தான் இன்றைக்கும் என்னால் பொறுக்க முடியவில்லை.

அவருடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் இருந்திருக்கும், எங்கள் வாயில் இருந்ததில்லை. நான் அப்பர் தைக்கிற லைனில் இருந்தேன். அப்பர் என்றால் ஷூவின் மேல்பாகம். நாங்கள் தைத்து அனுப்புவதை லைன் கடைசியில், ட்யூப் லைட்டுக்குக் கீழே உட்கார்ந்து புரட்டிப் பார்க்கிறவர் அவர். நூல் ஓரிடத்தில் விலகியிருந்தாலும், தோலில் கொசு கடித்த மாதிரி ஒரு புள்ளி இருந்தாலும், சிவப்பு அம்புக்குறி போட்ட சின்ன ஸ்டிக்கரை எடுத்து, குறையைப் பார்த்து அம்பு நிற்கிற மாதிரி ஒட்டுவார். அது திரும்பி நம் மடிக்கே வரும். குறை இல்லாத ஜோடியை ஒரு வார்த்தையும் பேசாமல் பெட்டிப் பக்கம் தள்ளிவிடுவார்.

"நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னா இன்னா சார், வாய்ல இருக்கற முத்து உதிர்ந்துடுமா?" என்று ஒருநாள் கேட்டே விட்டேன்.

"நல்லா இருக்கறதுல பார்க்கறதுக்கு இன்னாம்மா இருக்குது?" என்றார். நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார்.

வேலையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஸ்டிக்கர் தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே ஊர் சுற்றுவார். எங்கள் லைன் பெண் ஒருத்தியின் கல்யாணத்துக்கு வந்தார். மேடையேறி வாழ்த்தினார், மொய்க் கவரைக் கொடுத்தார், போட்டோவுக்கு நின்றார். ஆல்பம் வந்தபோது பார்த்தால், மணப்பெண்ணின் இடது கை ஜாக்கெட்டில் ஒரு சிவப்பு அம்பு! வலது கையைவிட இடது கை ஒரு விரல்கடை இறங்கித் தைத்திருந்ததாம். வாழ்த்துகிற சாக்கில் ஒட்டிவிட்டு இறங்கியிருக்கிறார். ஆல்பம் முழுக்க அந்த அம்போடுதான் அந்தப் பெண் சிரித்துக்கொண்டிருக்கிறாள். அவளுடைய அம்மா இவருக்குக் கொடுத்த சாபமெல்லாம் பலித்திருந்தால் மனிதர் அன்றைக்கே போயிருக்க வேண்டும். அவர் பந்தியில் உட்கார்ந்து, கத்தரிக்காயில் புளி கம்மி என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

இந்த மனிதரிடம்தான் ஊர்ப் பிள்ளைகள் ரெஃபரன்ஸுக்குப் போனார்கள். இப்போதெல்லாம் வேலை கேட்டுப் போனால், உன்னைத் தெரிந்தவர்கள் ரெண்டு பேர் நம்பர் கொடு என்கிறார்கள். ஒருவர் நீ வேலை செய்ததைக் கண்ணால் பார்த்த மேலாளாக இருக்க வேண்டுமாம். மேனேஜர்மார்கள் கம்பெனி மாறினால் நம்பரையும் மாற்றிவிடுகிறார்கள். யார் போன் அடித்தாலும் முதல் மணியிலேயே எடுத்து, நாலு வார்த்தை இங்கிலீஷும் பேசுகிற ஒரே ஆள் ஸ்டிக்கர் சார்.

எங்கள் தெரு முருகன் ராணிப்பேட்டையில் ஒரு வேலைக்கு அவர் நம்பரைக் கொடுத்தான். ஆள் நேரத்துக்கு வருவானா என்று அங்கிருந்து கேட்டிருக்கிறார்கள். "கரெக்டா வருவான். வந்தப்புறம் டீ குடிப்பான். குடிச்சப்புறம் யார்கிட்டயாச்சும் பேசுவான். வேலை ஆரம்பிக்கறதுக்கு மட்டும் லேட் ஆவும்" என்றாராம். முருகன் அவர் வீட்டு வாசலில் நின்று கத்தினான்.

"உன்னை நம்பித்தானே சார் நம்பரைக் குடுத்தேன்! இப்புடி பேஜார் பண்ணிட்டியே!"

"டீ குடிப்பியா, மாட்டியா?"

"குடிப்பேன்!"

"அப்போ நா இன்னா பொய் சொல்லிட்டேன்?"

அதன் பிறகு ஊரில் பெற்றவர்கள் பிள்ளைகளிடம், பைக்கில் மெதுவாகப் போ, ஸ்டிக்கர் சார் நம்பரை மட்டும் கொடுத்துவிடாதே என்று ஒரே மூச்சில் சொல்லி அனுப்பினார்கள்.

இவ்வளவும் தெரிந்த நான் அவர் நம்பரைக் கொடுத்தேன். எங்கள் லைனை மூடிவிட்டார்கள். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன. மகன் கூப்பிடத்தான் கூப்பிட்டான். போய் இருந்து பார்த்தேன். காபி எப்போது வரும் என்று மருமகள் முகத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு வாரம் உட்கார்ந்தேன். என் கைக்காசில் காபி குடித்தே பழகிய நாக்கு இது, அதற்குமேல் தாங்கவில்லை. ஒரு கம்பெனியில் வேலைக்கு வரும் பெண்கள் தங்குகிற ஹாஸ்டலுக்கு மேட்ரன் வேண்டும் என்றார்கள். தங்க ஒரு ரூமும் உண்டு. அது கிடைத்தால் நான் எவர் கையையும் பார்க்க வேண்டாம். கிடைக்காவிட்டால் திரும்ப மருமகள் வீட்டு நாற்காலிதான்.

ரெண்டு நம்பர் கேட்டார்கள். எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. காலமெல்லாம் குனிந்து தைத்து முதுகு வளைந்து போயிருக்கிறது. அந்த முதுகைப் பார்த்தால் தெரியாதா நான் உழைத்தவள் என்று? அதற்கு ஒரு ஆம்பிளை போனில் சாட்சி சொல்ல வேண்டுமா? அந்த எச்.ஆர். பெண் குழந்தை முகத்தோடு, "ப்ரொசீஜர் ஆன்ட்டி" என்றாள். நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள்தானே என்று ஒரு இளிச்சலும் சேர்த்துத் தந்தாள்.

முதல் நம்பர் எங்கள் பாஸ்டருடையது. அவருக்கு எல்லாரும் தங்கமான பிள்ளைகள். ஆலயத்து ஃபேனைக் கழற்றி விற்றவனுக்கும் தங்கமான பிள்ளை என்றுதான் சாட்சி சொன்னார். அந்தச் சாட்சி என் தராசில் ஏறாது. என் வேலையைப் பார்த்தவர் ஸ்டிக்கர் சார் ஒருவர்தான். என் தையலில் அம்பு ஒட்டட்டும் பார்க்கலாம் என்கிற திமிரும் எனக்கு உண்டு, மறைக்கவில்லை.

முறையாக நேரில் போய்க் கேட்டேன். "சார், உங்க நம்பரைக் குடுக்கட்டுமா?"

"குடும்மா. ஆனா நா இருக்கறதைத்தான் சொல்வேன்."

"இருக்கறதைச் சொன்னா போதும்" என்று நிமிர்ந்துகொண்டு வந்தேன்.

அடுத்த வாரம் எச்.ஆர். பெண் போன் செய்தாள். "ஆன்ட்டி, பாஸ்டர் நல்லா சொன்னாங்க. ஆனா அந்த சார்... உங்களைப் பத்திச் சொல்றதுக்கு ஒண்ணும் இல்லைன்னுட்டு போனை வச்சிட்டார். நீங்க வேற யார் நம்பராவது தர்றீங்களா?"

முருகனுக்காவது டீயைப் பற்றி நாலு வார்த்தை சொன்னார். எனக்கு அதுகூட இல்லையா?

போட்ட செருப்போடு நடந்தேன். அவர் வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

"யோவ் ஸ்டிக்கரு!" என்றேன். அதுவரை சார் என்றே கூப்பிட்டவள் நான். "என்னைப் பத்திச் சொல்றதுக்கு உனக்கு ஒண்ணும் இல்லையா? நாக்குல அம்பு ஒட்டிக்கிச்சா?"

கீரையைக் கீழே வைத்தார். "ஆமா, இல்லைன்னு சொன்னேன். அதுக்கு ஏன் எஸ்தரம்மா கத்தறே?"

"கத்தாம கும்பிடுவாங்களா? என் சோத்துல மண்ணைப் போட்டுட்டு கீரை உருவறியே!"

"இன்னாம்மா நீ! ஒரு அம்புகூட ஒட்டாம பெட்டிப் பக்கம் தள்ளி விட்டேன். அதுக்கு மேல இன்னா வேணும்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த மனிதருடைய அகராதியில் 'சொல்றதுக்கு ஒண்ணும் இல்லை' என்பதுதான் தங்கமெடல். ஊரில் வேறு எவருக்கும் அதைக் கொடுத்ததில்லை. கொடுத்த மெடலை அந்தப் பெண் குப்பை என்று நினைத்துக் கொட்டிவிட்டாள். தெரிந்துகொண்ட பிறகு கோபம் குறைய வேண்டுமா இல்லையா? ஜாஸ்தியானது.

"திரும்ப போன் போட்டுச் சொல்லு."

"பாஸான பெட்டியைத் திரும்பப் பிரிக்கக் கூடாதும்மா."

"பிரிக்கலைன்னா உன் வாசல்லயே உக்காந்துக்குவேன்" என்று சொல்லி உட்கார்ந்தும்விட்டேன். உருவாத கீரையெல்லாம் நான் உருவி முடிக்கிற வரைக்கும் பொறுத்துப் பார்த்தார். பிறகு போனை எடுத்து, எனக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டார்.

"அவங்ககிட்ட நல்ல விஷயம் என்ன சார்?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

மனிதருக்கு வேர்த்தது. "நல்லா..." என்றார். தொண்டையைச் செருமினார். "அது... தையல் நல்லா..." அதற்கு மேல் வரவில்லை. ஆயுசில் சொல்லாத வார்த்தை, எங்கிருந்து வரும்?

அவளுக்கே பாவமாகிவிட்டது போலிருக்கிறது. "சரி சார், ஏதாவது குறை இருந்தா சொல்லுங்க" என்றாள்.

ஸ்டிக்கர் சார் முகத்தில் கரெண்ட் வந்தது. "வாய் ஜாஸ்தி!" என்றார். "லைன்ல எவனாச்சும் பொண்ணுங்களை மரியாதை இல்லாம பேசினா, இந்தம்மா மிஷினை நிறுத்திட்டு எழுந்து நின்னுக்கும். இது நின்னா லைனே எழுந்து நிக்கும். அவன் வந்து மன்னிப்பு கேக்கற வரைக்கும் ஒரு ஜோடி நகராது. மேனேஜருக்கே பயம். எனக்கும் பயம். இப்போகூட என் வாசல்ல உக்காந்துதான் பேச வைக்குது."

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். போச்சு, இனி மருமகள் வீட்டு நாற்காலிதான்.

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. "சார், பொண்ணுங்க ஹாஸ்டலுக்கு இப்படி ஒருத்தரைத்தான் சார் தேடிட்டு இருக்கோம். ஆன்ட்டியைத் திங்கட்கிழமை வரச் சொல்லுங்க."

போனை வைத்துவிட்டு ஸ்டிக்கர் சார் என்னைப் பார்த்தார். "பார்த்தியா, குறையைச் சொன்னாத்தான் வேலை நடக்குது" என்றார். கீரைக் காம்பை அவர் மேல் எறிந்துவிட்டு வந்தேன்.

இது நடந்தது போன வருஷம். போன வாரம் ஹாஸ்டலில் அரிசி அளந்துகொண்டிருந்தபோது, குடியாத்தத்திலிருந்து ஒரு பையன் பேசினான். லுங்கி நெய்கிற கம்பெனியாம். துணியில் குறை பார்க்கிற வேலைக்கு ஒரு பெரியவர் வந்திருக்கிறாராம். ரெஃபரன்ஸுக்கு என் நம்பரைக் கொடுத்திருக்கிறாராம்.

என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் நம்பரைக் கொடுக்க நான் நேரில் நடந்து போய்க் கேட்டவள். இவர் பாட்டுக்குக் கொடுத்துவிட்டார். அரிசிப் படியை வைத்துவிட்டு ஆரம்பித்தேன்.

"குறையா? உக்காந்து கேளு தம்பி, நேரம் ஆவும்" என்று கல்யாணப் பெண் ஜாக்கெட்டில் தொடங்கி, முருகனின் டீயைச் சொல்லி, கத்தரிக்காய் வரைக்கும் வந்தேன். பையன் நடுங்கிப்போய், "அப்போ வேலையில எப்படிம்மா?" என்றான்.

சொல்ல ஆயிரம் வார்த்தை தேடினேன். ஒன்றும் போதவில்லை.

"வேலையில சொல்றதுக்கு ஒண்ணும் இல்லை" என்றேன்.

"அப்போ வேணாங்கறீங்களா?"

"டேய், எங்க லைன்ல ஒரு மனுஷனைப் பத்தி அதுக்கு மேல சொல்ல வார்த்தை கிடையாது. நாளைக்கே வரச் சொல்லு."

போனை வைத்த பிறகும் கோபம் அடங்கவில்லை. ஒரு வார்த்தை முன்னால் சொல்லியிருக்கலாம் அந்த மனிதர். சொல்லியிருந்தால் இதைவிட நல்லதாக ஒன்று யோசித்து வைத்திருப்பேன்.