ரோஜா இல்லாத கல்யாண வீடியோ

பெங்களூரில் லினக்ஸை நம்பியவர்கள் ஆயிரம் பேர் இருந்திருக்கலாம். லினக்ஸுக்காக மெஸ் சாப்பாட்டையே இழந்தவர் கர்னல் ஒருவர்தான். பொம்மனஹள்ளியில் நாங்கள் சாப்பிட்ட மெஸ்ஸில் பில் போடும் கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறதே என்று இரக்கப்பட்டு, யாரையும் கேட்காமல் அதிலிருந்த விண்டோஸை அழித்துவிட்டு, இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸை ஏற்றிவிட்டார். கம்ப்யூட்டர் பறந்தது. பிரிண்டர் செத்துவிட்டது. மறுநாளிலிருந்து அவரை மெஸ்ஸுக்குள் விடவில்லை, பார்சல்தான். அதையும் அறைத்தோழனான நான்தான் வாங்கிவர வேண்டும்.

கர்னல் பட்டாளத்துக்காரர் இல்லை. ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. லினக்ஸின் உயிர்ப்பகுதிக்குக் கெர்னல் என்று பெயர். எந்நேரமும் அதையே பேசியதால் வந்த பட்டம். வீட்டு ஓனர் நஞ்சப்பா மட்டும் அவரை மிலிட்டரி ஆள் என்றே நம்பி, பார்க்கும்போதெல்லாம் விறைப்பாக நிற்பார்.

நானோ சினிமா எடிட்டர் ஆகும் கனவோடு வாணியம்பாடியிலிருந்து வந்து, நீலசந்திராவில் ஒரு ஸ்டுடியோவில் கல்யாண வீடியோ எடிட் செய்துகொண்டிருந்தேன். மணப்பெண்ணை ரோஜாவுக்குள் வைப்பேன். மாப்பிள்ளையை இதயத்துக்குள் அடைப்பேன். இருவரையும் அன்னப்பறவையில் ஏற்றிப் பனிமலைக்கு அனுப்புவேன். இதைக் கலை என்றே நம்பினேன்.

நஞ்சப்பாவின் மகளுக்குக் கல்யாணம் வந்தது. "வீடியோ என் பொறுப்பு சார்" என்று வாயை விட்டேன். படமும் பிடித்தாயிற்று. எடிட் செய்ய உட்கார்ந்தால், நான் ஆசைப்பட்டு வாங்கிப் போட்ட திருட்டு சிடியிலிருந்த வைரஸில் அறைக் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. ஸ்டுடியோ முதலாளி ஓசி வேலைக்கு மெஷினைத் தொடவிட மாட்டார். ஞாயிற்றுக்கிழமை பெண்ணும் மாப்பிள்ளையும் வருகிறார்கள். உறவெல்லாம் கூடிப் பார்ப்பதாக ஏற்பாடு.

"எதுக்கு குரு பயப்படறே? லினக்ஸ்ல எல்லாமே இருக்கு" என்றார் கர்னல். பெங்களூர் வழக்கப்படி அவருக்கு எல்லாருமே குரு.

"புரொஃபஷனல் எடிட்டிங் சாஃப்ட்வேர் இருக்கா?"

"இருக்கு. ஹாலிவுட்லயே யூஸ் பண்றாங்க."

"அப்ப அதையே போடுங்க."

"அதை வாங்கணும்னா இந்த வீட்டை விக்கணும். வீடு நஞ்சப்பாவோடது. ஃப்ரீயா ஒண்ணு இருக்கு, ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோ."

அந்த ஃப்ரீ சாஃப்ட்வேர், தாலி கட்டும் இடம் வந்தால் அப்படியே நின்றுவிடும். மாப்பிள்ளையின் கை தாலியோடு அந்தரத்தில் தொங்கும். கர்னல் கறுப்புத் திரையில் ஏதோ தட்டுவார். மாப்பிள்ளை முதலிலிருந்து மண்டபத்துக்குள் நுழைவார்.

அதைவிடப் பெரிய இடி, அதில் ரோஜா இல்லை. இதயம் இல்லை. அன்னம் இல்லவே இல்லை. வெட்டலாம், ஒட்டலாம், அவ்வளவுதான். கர்னல் விடவில்லை, அதை உருவாக்கியவர்களுக்கே மெயில் போட்டார். ஜெர்மனியிலிருந்து ஒருவர் மிகுந்த அக்கறையோடு திருப்பிக் கேட்டிருந்தார்: மணப்பெண் எதற்காகப் பூவுக்குள் இருக்க வேண்டும்?

என் தொழில் அனுபவம் முழுவதையும் திரட்டி யோசித்தேன். பிறகு மெயிலை மூடிவிட்டு, ரோஜா இல்லாமலேயே வெட்டி ஒட்டி முடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை படம் ஓடியது. "ரோஜா எங்கப்பா?" என்று ஓனர் வீட்டம்மா ஆரம்பித்துவிட்டார். நான் கதவுப் பக்கம் நகர்ந்துகொண்டேன். தாலி கட்டும் காட்சி வந்தது. வழக்கமாக நான் ரோஜாவை மலரவிடும் இடம். பூ இல்லாததால், பின்னால் தூணோரம் நின்றவர் தெளிவாகத் தெரிந்தார். நஞ்சப்பா. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தார்.

"அப்பா, நீங்க அழுதீங்களா?" என்று மகள் கன்னடத்தில் கேட்டாள்.

"ஹோமப் புகை" என்றார் நஞ்சப்பா. மகள் எழுந்துபோய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த இடத்தை இன்னொரு தடவை போடுப்பா" என்றார் ஓனர் வீட்டம்மா.

எனக்கு உடனே தைரியம் வந்துவிட்டது. "வேணும்னேதான் எஃபெக்ட்ஸ் இல்லாம பண்ணினேன். இது ஒரு ஸ்டைல் சார்" என்றேன். கர்னல் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. "லினக்ஸ்ல பண்ணினது சார்" என்று மட்டும் சொன்னார். நஞ்சப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு மரியாதையாகத் தலையாட்டினார். மிலிட்டரியில் அது ஏதோ ஒரு படைப்பிரிவு என்று நினைத்திருப்பார்.

பிறகு கர்னல் சந்தாபுராவுக்கு வீடு மாறிப் போனார். நானும் சினிமா எடிட்டர் ஆகவில்லை. சில வருடங்கள் கழித்து, நம்மைப் போன்றவர்களுக்கும் கட்டுப்படியாகிற தொழில்முறை எடிட்டிங் சாஃப்ட்வேர் லினக்ஸுக்கு வந்துவிட்டதாக ஒரு செய்தி படித்தேன். உடனே கர்னலுக்குப் போன் போட்டேன். பிஸி. மறுபடி போட்டேன். பிஸி. எரிச்சலோடு போனைக் கீழே வைத்ததும் மணி அடித்தது.

"லினக்ஸ் நியூஸ் சொல்லலாம்னு போட்டா பிஸி. யாரோட குரு இவ்வளவு நேரம் பேசறே?" என்றார் கர்னல்.