பொல்லண்ணையோடு பப்புக்குப் போன கதை

வெட்கம் மருந்துக்கும் இல்லாத மனிதர் லண்டனில் ஒருவர்தான் இருக்கிறார். அவர் எங்கள் பொல்லண்ணை. கையில் எப்போதும் பொல்லு இருப்பதால் அந்தப் பெயர். அதை ஊன்ற மாட்டார். நிலத்தில் தட்டி ஆட்களைக் கூப்பிடுவார்.

சனிக்கிழமைகளில் ரெய்னர்ஸ் லேனிலிருந்து எட்டுக் கிழடுகள் ரயிலேறிப் போய் வயல்வெளியில் நடப்போம். வழியில் இரண்டு பழைய பப்புகளில் இளைப்பாறித் தேத்தண்ணி குடிப்போம். ஊரில் சாராயத் தவறணை வாசலையே மிதித்திராத பொம்பிளை எனக்கு அங்கே நுழைவது உயிர் போகிற வேலை. நுழையாமலும் ஏலாது. பிரஷருக்கு டொக்டர் தந்த குளிசை மணிக்கொருதரம் கழிவறைக்குத் துரத்தும். எனக்கோ இங்கிலீசும் இல்லை, கேட்க வாயும் இல்லை.

பொல்லண்ணை முதலில் எல்லோருடைய சப்பாத்தையும் வாசலில் கழற்ற வைப்பார். சேற்றுக் காலோடு ஒருவன் வீட்டுக்குள் போவதா என்பார். காலுறையோடு எட்டுப் பேர் வரிசையாக நுழைய, பியர் குடிக்கிறவர்கள் குடிப்பதை நிறுத்திவிடுவார்கள். என் பெருவிரல் காலுறைக்கு வெளியே நிற்கும். அடுத்து பொல்லைத் தட்டி, பெண்கள் கழிவறை எங்கே என்று இங்கிலீசில் கேட்பார். கவுண்டர்க்காரன் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கையைக் காட்டுவான். பிறகு பொல்லண்ணை எங்கள் பக்கம் திரும்பி, தமிழில் உரத்து வழி சொல்லுவார். அத்தனை கண்ணும் என்மேல்.

ஒருநாள் நடக்கிற வழியில் பொறுக்கமாட்டாமல் கேட்டேன். "அண்ணை, உங்களுக்கு வெக்கமே இல்லையே? என்ர மானம் போகுது."

"சரி, இனிக் கேக்கமாட்டன்" என்றார்.

அடுத்த பப்பில் சொன்னபடியே வாயை மூடிக்கொண்டு ஒரேஞ்ச் ஜூசை உறிஞ்சினார். மற்றப் பெண்களும் மேசையைப் பார்த்தபடி நெளிந்தார்கள். கால்மணித்தியாலம் பல்லைக் கடித்தேன். பிறகு அவர் பக்கம் குனிந்தேன்.

"அண்ணை, ஒருக்கால் கேளுங்கோவன்."

"என்னத்தை?"

"அதைத்தான்."

"காது கேக்கேல்லை, தங்கச்சி."

பாவி மனிதர், அந்தச் சொல்லை என் வாயால் சொல்ல வைத்துவிட்டுத்தான் எழும்பினார். அன்று தட்டிய தட்டில் மேசைக் கரண்டிகள் துள்ளின.

ஓடிப் போனால் கதவுப் பூட்டு உடைந்து கிடந்தது. நான் தயங்கி நிற்க, பின்னாலேயே வந்தவர், "போங்கோ, நான் நிக்கிறன்" என்று முதுகைக் காட்டி வாசலை மறித்துக்கொண்டார். சற்று நேரத்தில் ஒரு வெள்ளைக்காரி வந்த சத்தம் கேட்டது. உள்ளே என் தங்கச்சி இருக்கிறாள், கொஞ்சம் பொறுங்கள் என்று இங்கிலீசில் சொன்னார், முழுக் கடைக்கும் கேட்கும்படி. அவ்வளவு இங்கிலீசு எனக்கும் விளங்கும்.

நான் கூடப்பிறப்பு இல்லாதவள். கையைக் கழுவிய பிறகும் கொஞ்ச நேரம் உள்ளேயே நின்றேன்.