ஒரு மணித்தியாலம் தாங்காத பட்டை

பரீட்சையில் சரியாக எழுதிய விடையை, நாலு பேர் பார்க்கத் தப்பாகச் செய்து காட்டிய எஞ்சினியர் நான். பட்டம் வாங்கி, மலையகத்து நோர்வூட்டுக்குத் திரும்பி மூன்று வாரம்கூட ஆகவில்லை. அந்தத் தலைக்கனத்தோடு எங்கள் தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் குனிந்துதான் நுழைய வேண்டியிருந்தது (வாசலே குட்டைதான், அது வேறு விஷயம்).

அக்காவின் கணவர், என் மச்சான், ஃபைபரில் தண்ணீர்த் தொட்டி செய்பவர். அக்கா வேலை செய்யும் தேயிலைத் தொழிற்சாலையில், தூள் சலிக்கும் மெஷினைத் தாங்கி வளைந்தாடும் மெல்லிய மரப்பலகைப் பட்டைகள் அடிக்கடி உடையும். அவற்றை ஃபைபரில் செய்து தருவதாகச் சொல்லி மச்சான் ஓடர் கேட்டிருந்தார். ஓடர் கிடைத்தால் ஊரிலேயே பிழைக்கலாம். இல்லையென்றால் அவர் அக்காவையும் பிள்ளையையும் விட்டுவிட்டுக் கொழும்புக்குப் போக வேண்டியதுதான்.

"மூணு மாசமாவது தாங்குமான்னு எப்படி நம்புறது?" என்றார் தொழிற்சாலைக்குப் பொறுப்பான டீமேக்கர்.

"மெஷின்லயே மாட்டிப் பாத்துருவோங்க," என்றார் மச்சான்.

நான் குறுக்கே விழுந்தேன். "எதுக்குங்க மூணு மாசம்? எத்தனை தடவை வளையுதுங்கறதுதான் கணக்கு. வேகமா ஆட்டி, ஒரு மணித்தியாலத்துல காட்டிர்றேன்."

தொழிற்சாலையில் கிடந்த பழைய மோட்டார் ஒன்றில் மச்சான் செய்த பட்டையைப் பூட்டி முடுக்கிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் தேயிலை வாசனையையும் மீறி ஏதோ தீய்ந்த நாற்றம். டீமேக்கர் கோப்பையைக் கீழே வைப்பதற்குள் பட்டை தொய்ந்து, புகைந்து, முறிந்தே போனது.

"மூணு மாசம் முடிஞ்சிருச்சா தம்பி?" என்றார் அவர். மச்சான் என்னைத் திட்டாமல் போய் மோட்டாரை நிறுத்தினார். எனக்கு அதுதான் வலித்தது.

வேலையை விட்டு ஓடிவந்து துண்டை எடுத்த அக்கா கையை உதறினாள். "கொதிக்குதேடா. மெஷின் பட்டையை நான் தெனம் தொடுறேன், ஒருநாளும் சூடானதில்ல. நீ ஓட்டுன வேகத்துல வெந்துருச்சு."

அப்போதுதான் உறைத்தது. வேகமாக வளைத்தால் உள்ளே சூடு ஏறும், ஃபைபரைப் பிடித்திருக்கும் பிசின் இளகும், ஆயுசு குறையும். இதையே இரண்டு பக்கம் எழுதித்தான் நான் நல்ல புள்ளி வாங்கியிருந்தேன் (மனப்பாடம்தான், வேறென்ன). டீமேக்கரிடம் தப்பு என்னுடையது, பட்டையுடையதல்ல என்று ஒப்புக்கொண்டேன். அவர் யோசித்துவிட்டு, புதுப் பட்டைகளை மெஷினிலேயே மாட்டச் சொன்னார். மூன்று மாதமும் தாங்கின. மச்சான் கொழும்புக்குப் போகவில்லை.

என் பட்டச் சான்றிதழை அக்கா கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறாள். அதே ஆணியில் முறிந்த பட்டையும் தொங்குகிறது. இன்றைக்கும் நான் எதையாவது ஒரு மணித்தியாலத்தில் முடிப்பதாகச் சொன்னால் போதும், மச்சான் எழுந்துபோய் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொல்வார்:

"இன்னும் ஆறல, மாப்ள."