ஓவர்கோட்டு சொல்தாவுக்கு மறந்துபோன வாக்கியம்

அக்கினி நட்சத்திரத்தில், கம்பளி ஓவர்கோட்டை மாட்டிக்கொண்டு, "உட்கார்றதுக்கு ஐஸ் வேணும்" என்று கடைக்கு வந்து கேட்ட மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவர் என் வாடிக்கைக்காரர். அதில் எனக்கு இன்றைக்கும் கொஞ்சம் கர்வம் உண்டு.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நான் புதுச்சேரியில், பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு ஐஸ் டிப்போவில் குமாஸ்தா. மீன்காரர்களுக்கும் வெள்ளைக்காரர் வீடுகளுக்கும் பனிக்கட்டி அனுப்புவது எங்கள் தொழில். மத்தியானம் ஆனால் ஊர் மொத்தமும் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிடும். பிரெஞ்சுக்காரர்கள் நமக்கு எதைக் கற்றுக்கொடுத்தார்களோ இல்லையோ, மத்தியானத் தூக்கத்தை நன்றாகவே கற்றுக்கொடுத்துவிட்டார்கள். தெருவில் காக்காய் கூட நடக்காது. கடல்காற்று மெல்ல உள்ளே வரும். உமிக்குள் கிடக்கும் ஐஸ் பாளங்களிலிருந்து வெள்ளையாக ஆவி எழுந்து என் காலைச் சுற்றும். நான் பாதித் தூக்கத்தில் இருப்பேன். அந்தப் பாதித் தூக்கத்துக்குள்தான் அவர் நடந்து வந்தார். கனவு என்றே நினைத்தேன்.

"ஒரு ஆள் உட்கார எவ்ளோ ஐஸ் வேணும்?"

"உசுரோட இருக்கிற ஆளா, செத்த ஆளா?" என்று கேட்டேன். என் கேள்வியில் தப்பில்லை. ஐஸ் டிப்போவுக்கு இரண்டாவது வகை ஆளுக்காக வருகிறவர்கள்தான் அதிகம்.

"உசுரோடதான். நான்தான்."

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர்களை அந்த ஊரில் சொல்தா என்பார்கள். ஊரில் சொல்தாக்கள் பல பேர். ஓவர்கோட்டு சொல்தா என்றால் இவர் ஒருவர்தான். வருஷம் முழுக்க அந்தக் கோட்டுதான். உடம்பில் ஏதோ வியாதி, அதை மறைக்கிறார் என்று சிலர் சொன்னார்கள். உள்ளே தங்கம் தைத்து வைத்திருக்கிறார் என்று சிலர் சொன்னார்கள். இரண்டும் இல்லை. உள்ளே இருந்தது ஒரு வாக்கியம். அப்படித்தான் அவர் நம்பினார்.

விஷயம் இதுதான். பெரிய சண்டையின்போது, அதாவது முதல் உலக யுத்தத்தில், இவரும் வைத்திக்குப்பத்துக் காளியப்பனும் பிரான்சு தேசத்தில் ஒரே பள்ளத்தில் கிடந்தார்கள். மேலே பனி கொட்டுகிறது. காளியப்பனுக்கு வயிற்றில் குண்டு. உயிர் போகும் நேரத்தில் அவன் இவர் கையைப் பிடித்து, "என் பொண்டாட்டிகிட்ட இதைச் சொல்லிடு" என்று ஒரு வாக்கியம் சொன்னான். "சொல்லிடறேண்டா" என்று இவர் சத்தியம் பண்ணினார். உடனே பக்கத்தில் இன்னொரு குண்டு விழுந்தது. ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது பனி ஞாபகம் இருந்தது, பிடித்த கை ஞாபகம் இருந்தது, சத்தியம் ஞாபகம் இருந்தது. நடுவில் இருந்த அந்த வாக்கியம் மட்டும் இல்லை.

அந்த ஆஸ்பத்திரி டாக்டர் இவருக்கு வார்த்தைகளைப் படித்துக் காட்டி, கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிக் கேட்டு, மறதியை அளந்து பார்த்தாராம். சொல்தா அந்த வித்தையைக் கற்றுக்கொண்டு கப்பலேறிவிட்டார். ஊருக்கு வந்ததும் ஊரையே அளக்க ஆரம்பித்தார்.

முதல் பலி எங்கள் டிப்போ வண்டிக்காரன் முனியன். "அர்த்தமுள்ள வார்த்தையா இருந்தா மூளை ஏமாத்தும்பா. ஒண்ணுத்துக்கும் ஆகாத வார்த்தைதான் நல்லது" என்று சொல்லி, "லெப், கூம், தொழ்" என்று காலையில் அவனுக்குப் பாடம் நடத்தினார். வண்டி கட்டுகிற நேரத்துக்குள் முனியன் முக்கால்வாசியை மறந்துவிட்டான். சொல்தாவுக்கு ஒரே சந்தோஷம். "பாத்தியா, மறக்கிறது மொதல்லதான் கடகடன்னு மறக்குது. அப்புறம் மிச்சம் இருக்கிறது லேசுல போவாது!" மிச்சம் நிஜமாகவே போகவில்லை. முனியன் கோபம் வந்தால் மாட்டைப் பார்த்து "லெப்! கூம்!" என்று கத்த ஆரம்பித்தான். கொஞ்ச நாளில் அந்த மாட்டுக்கு "ஹை ஹை" என்றால் புரியாமல் போய்விட்டது.

அடுத்து மார்க்கெட். மீன் வரிசையின் இந்தக் கோடியில் ஒரு மீன்காரம்மாவிடம் போய், "ஒரு துரை குடையை மறந்துட்டுக் கப்பலேறப் போனாரு. வேலைக்காரன் குடையை எடுத்துக்கிட்டுப் பின்னாலயே ஓடினான்" என்று காதில் சொல்லி, பக்கத்துக் கூடைக்குச் சொல்லச் சொன்னார். அப்படியே காதோடு காதாகப் போனது. அந்தக் கோடிக்கு அது போய்ச் சேர்ந்தபோது துரைசானி வேலைக்காரனோடு கப்பலேறி ஓடிவிட்டிருந்தாள். குடை எங்கேயோ போய்விட்டது. சாயங்காலம் போலீஸ் சிப்பாய் வந்து எந்தத் துரைசானி என்று விசாரித்தான்.

"யாரும் பொய் சொல்லலை" என்று எனக்கு விளக்கினார் சொல்தா. "ஞாபகம்னா பொட்டிக்குள்ள வச்ச துணின்னு நெனைக்கிறோம். அது இல்ல. அது ரசம் மாதிரி. ஒவ்வொரு தடவையும் புதுசா வைக்கிறோம். கையில இருக்கிறதைக் கொஞ்சம் போட்டு, மனசுக்குப் புடிச்சதைக் கொஞ்சம் போட்டு. கடைசியில இதுதான் அன்னிக்கு வச்ச ரசம்னு நாமே சத்தியம் பண்ணுவோம்."

இந்த ரசத் தத்துவம் பின்னால் அவரையே வந்து கடிக்கப்போகிறது என்று அப்போது எனக்குத் தெரியாது.

இனி அஞ்சலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள்தான் காளியப்பன் மனைவி. தலையில் கூடை வைத்து மீன் விற்கிறவள். வெள்ளிக்கிழமை கிறிஸ்தவ வீடுகளில் கறி கிடையாது, மீன்தான். அதனால் அன்றைக்கு அவள் கூடை சீக்கிரம் காலியாகும். காலிக்கூடையோடு நேராக சொல்தா வீட்டு வாசலுக்கு வருவாள்.

"சொல்தாய்யா, ஞாபகம் வந்துச்சா?"

"இல்லம்மா."

"சரி, வந்தா சொல்லுங்க."

கூடை காலி என்று சொன்னேன் அல்லவா? முழுக் காலி இல்லை. அடியில் இலையில் சுற்றி ஒரு மீன் இருக்கும். அதை வாசற்படியில் வைத்துவிட்டுப் போவாள். வருஷக்கணக்காக இதே பேச்சு, இதே மீன். ஒரு தடவை, "அந்தக் கோட்டைக் குடுங்களேன், தொவச்சித் தரேன், தெருவே நாறுது" என்றாள். சொல்தா அலறிவிட்டார். "தொவச்சா போச்சு! அந்தப் பள்ளத்து வாசனை இதுலதான் இருக்குது!"

ஊரில் எல்லாப் பெண்களையும் "தங்கச்சி, தங்கச்சி" என்று கூப்பிட்ட மனிதர், அஞ்சலையை மட்டும் தவறிக்கூட அப்படிக் கூப்பிட்டதில்லை. இதை நான் கவனித்தேன். மீன் வரிசையே கவனித்தது. அவர் ஒருவர்தான் கவனிக்கவில்லை.

ஐஸ் யோசனை கடலிலிருந்து வந்தது. வைத்திக்குப்பத்து மீனவர் ஒருவருக்குக் கட்டுமரத்தில் வைத்துச் சில வார்த்தைகளைச் சொல்லிக்கொடுத்தாராம். கரையில் கேட்டால் அந்த ஆள் பேந்தப் பேந்த விழிக்கிறார். இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, அலை வந்து மோதினதும், எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டார். "வச்ச எடத்துலதான் கெடக்குது குமாஸ்தா! நான் பனியில வச்சேன். வெயில்ல தேடினா எப்படி கெடைக்கும்?" என்று சொல்தா என் தோளைப் பிடித்து உலுக்கினார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. எனக்குச் சிரிப்பு வந்து அப்படியே நின்றுவிட்டது. உள்ளதிலேயே பெரிய பாளமாகப் பார்த்து வண்டியில் ஏற்றச் சொன்னேன்.

அன்று ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம். அவர் வீட்டுக் கொல்லையில் ஒரு கல்தொட்டி. அதில் ஐஸை உடைத்துக் கொட்டினோம். சொல்தா கோட்டோடு உள்ளே இறங்கி உட்கார்ந்து, காதுவரை மூடச் சொன்னார். பீரங்கிச் சத்தத்துக்கு முனியன் கையில் மண்ணெண்ணெய்த் தகரம். வெடிமருந்து வாசனைக்கு நான் பட்டாசைக் கொளுத்திப் போட்டேன். புகை, ஆவி, வேப்பம்பூ, வெயில் எல்லாம் ஒன்றாகக் கலந்து, அந்தக் கொல்லை எந்த தேசத்தில் இருக்கிறது என்பதே எனக்கு மறந்துவிட்டது.

தூங்கிக்கொண்டிருந்த தெரு எழுந்துவிட்டது. சிப்பாய் ஓடி வந்தான்.

"இன்னா நடக்குது இங்க?"

"சண்டை நடக்குது" என்றான் முனியன், அடிப்பதை நிறுத்தாமல்.

"எந்தச் சண்டை?"

"பெரிய சண்டை."

"அதான் எப்பவோ முடிஞ்சி போச்சே!"

"ஊருக்கு முடிஞ்சிச்சு. இவருக்கு முடியலையே."

சிப்பாய் தொட்டியை எட்டிப் பார்த்தான். நீலம் பாரித்த உதட்டோடு ஒரு மனிதர் பல் கிட்டிக்கொண்டு கிடந்தார். என்ன தோன்றியதோ, சிப்பாய் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

கொஞ்ச நேரத்தில் சொல்தா கையைத் தூக்கினார். முனியன் நிறுத்தினான். ஐஸ் உருகிச் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. அவர் உதடு அசைந்தது. நான் குனிந்து காதை வைத்தேன்.

"தனியா உக்காந்துக்கிட்டு இருக்க வாணாம்னு சொல்லு. நல்லவனா ஒருத்தனைப் பாத்துக் கட்டிக்கச் சொல்லு."

நான் குதித்தேன். "வந்துடுச்சு சொல்தாய்யா! வந்துடுச்சு!"

அவர் குதிக்கவில்லை. தொட்டிக்குள் எழுந்து நின்றார். முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது.

"குமாஸ்தா, இது அவன் சொன்னதா? இல்ல, நான் வச்ச ரசமா?"

அவ்வளவு வருஷம் மனசுக்குள் வைத்திருந்ததை அவர் அப்போதுதான் முதல்தடவையாகப் பார்த்தார் என்று நினைக்கிறேன். பாவம், அந்தக் குளிரிலும் அவருக்கு வியர்த்தது.

"பேசாம ஞாபகம் வரலைன்னு சொல்லிடுங்களேன்" என்றேன்.

"அவன்கிட்ட சத்தியம் பண்ணியிருக்கேனே."

வாசலில் குரல் கேட்டது. "சொல்தாய்யா, ஞாபகம் வந்துச்சா?"

கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட வாசலுக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். அஞ்சலை கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். அவர் கூடையைப் பார்த்துக்கொண்டே, "வந்துச்சு" என்றார். அந்த வாக்கியத்தை ஒரு எழுத்து விடாமல் சொன்னார். சொல்லிவிட்டு, மூச்சு வாங்க, "ஆனா ஒண்ணு. இது காளியப்பன் சொன்னதுதானா, இல்ல என் மனசே கூட்டிச் சேத்துக்கிச்சான்னு எனக்கு நிச்சயமாத் தெரியலை. உன்கிட்ட பொய் சொல்லக்கூடாது. எனக்குத் தெரியலை" என்றார்.

அவர் காலடியில் தண்ணீர் குளமாகத் தேங்கியது. அஞ்சலை அதைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்.

"அவரு சொன்னா இன்னா, நீங்க சொன்னா இன்னா? யாராச்சும் ஒருத்தர் வாயத் தொறந்து சொல்லட்டும்னுதானே வெள்ளிக்கெழமைக்கு வெள்ளிக்கெழமை வந்துக்கினு இருக்கேன்."

சொன்னவள் மீனை வாசற்படியில் வைக்கவில்லை. தாண்டி உள்ளே எடுத்துக்கொண்டு போனாள். "அரிவாமணை எங்க இருக்குது?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. சொல்தாவுக்கு அதுவும் ஞாபகம் வரவில்லை.

மேரி என்கிற நகரசபை ஆபீசில் அவர்கள் கல்யாணத்தைப் பதிந்தபோது நானும் முனியனும்தான் சாட்சி. சொல்தா வெறும் வெள்ளைச் சட்டையில் வந்தார். யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. அதிகாரி அவருடைய நிஜப் பெயரை உரக்கப் படித்தார். நான் அதைக் கேட்டது அந்த ஒரு தடவைதான். அதையும் மறந்துவிட்டேன். மறுநாள் அவர் வீட்டுக் கொல்லையில் ஓவர்கோட்டு துவைத்துக் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது.

எனக்கும் இப்போது வயசாகிவிட்டது. கண்ணாடியை எங்கே வைத்தேன் என்பது தெரிவதில்லை. ஆனால் கோடையில் யாராவது ஐஸ் போட்ட தண்ணீர் கொடுத்தால் நான் உடனே குடிப்பதில்லை. கொஞ்ச நேரம் கையிலேயே வைத்துக்கொண்டிருப்பேன்.