பச்சை அண்ணாச்சி அமுக்கிய சிரிப்பு

தென்காசியில் ஒருவருக்கும் மனக்குறை இருக்கக் கூடாது என்று கங்கணம் கட்டிக்கொண்டு திரிந்த ஒரே மனிதர் எங்கள் பச்சை அண்ணாச்சிதான். நான் பில் போட்டுக்கொண்டிருந்த ஜவுளிக்கடையில் அவர் சேலைப் பிரிவு மேற்பார்வையாளர்.

ஊழியர்களின் மனநிலையை அளக்க வேண்டும் என்று சென்னைத் தலைமை அலுவலகத்துக்குத் திடீரென்று ஞானோதயம் வந்து, வாசலில் ஒரு பெட்டியை மாட்டினார்கள். வேலை முடிந்து போகும்போது ஆளுக்கொரு பொத்தானை அமுக்க வேண்டும். சிரித்த முகம் பச்சை, உம்மென்ற முகம் மஞ்சள், அழுமூஞ்சி சிவப்பு. கடைசியாகக் கிளம்பும் அண்ணாச்சி பச்சையைக் கை வலிக்க அமுக்குவார். பேர் அப்படி வந்ததுதான்.

சேலைப் பிரிவில் அச்சன்புதூர் ரஹ்மத் இருந்தாள். நாள் முழுக்க நிற்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். விற்கும் பெண்களுக்கோ கடையில் உட்கார இடம் கிடையாது. நாற்காலி கிடைக்காவிட்டால் வேலையை விட வேண்டியதுதான். அப்போது பார்த்துக் குற்றால சீசன் களைகட்டியது. அருவியில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு நுழையும் கூட்டம், கடையிலுள்ள சேலையையெல்லாம் பிரித்துப் பார்த்துவிட்டு ஒரு துண்டு வாங்கிக்கொண்டு போகும்.

அவள் தினமும் சிவப்பை அமுக்கினாள். அண்ணாச்சி பதறிப்போனார்.

"ஏட்டி, அழுத மூஞ்சிக்கு எவன் நாற்காலி தருவான்? நல்ல பேரு எடுத்தா முதலாளி தானா அனுப்புவாரு."

"காலு வீங்கி நிக்கேன். சிரிக்கச் சொல்லுதியளே அண்ணாச்சி" என்றாள் அவள்.

அவளுக்காகவே அவர் இன்னும் நாலைந்து பச்சை கூடுதலாக அமுக்கினார்.

சென்னையிலிருந்து அதிகாரி கேக்கோடு வந்தார். எல்லாக் கிளைகளிலும் சந்தோஷமானது எங்களுடையதாம். நாற்காலி கேட்டோம். சிவப்பு அதிகம் விழுந்த ஊர்க் கிளைக்கு நாற்காலிகளை அனுப்பியாகிவிட்டது என்றார். கேக்கை நின்றுகொண்டே தின்றோம். பச்சை அத்தனையும் தாமே அமுக்கியது என்று அண்ணாச்சி அழாத குறையாகச் சொன்னார். அதிகாரி அதை வேடிக்கைப் பேச்சு என்று நினைத்துக் கைதட்டினார்.

மறுநாள் அண்ணாச்சி வீட்டு பிளாஸ்டிக் நாற்காலியை இலஞ்சியிலிருந்து பஸ்ஸில் கொண்டுவந்து, சாரலுக்குத் தலையில் கவிழ்த்தபடி நடந்து வந்தார். அதற்குள் ரஹ்மத்தின் வாப்பா வந்து, மகள் இனி வரமாட்டாள் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அதைக் கேட்டவர் நாற்காலியை இறக்கி வைக்கவும் மறந்து நின்றார். எனக்குப் பார்க்கவே பொறுக்கவில்லை.

அந்த நாற்காலியில் மற்றப் பெண்கள் முறை வைத்து உட்கார்ந்தார்கள். போன வருஷம் அவர் ஓய்வு பெற்ற அன்று, போட்டோவுக்காவது அதில் உட்காரச் சொல்லிக் கெஞ்சினோம்.

"அது அந்தப் பிள்ளைக்குக் கொண்டாந்ததுல்லா" என்று பக்கத்தில் நின்றுகொண்டார்.

இன்னொரு தடவை கெஞ்சியிருக்கலாம். அந்த மனுஷன் ஒரு நிமிஷம் உட்கார்ந்து பார்க்க எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது.