வாழைத்தாரோடு வந்த ஊஞ்சல்

ஸ்பேனர் கையில் கிடைத்துவிட்டால் எந்த ஆணும் தன்னை மெக்கானிக் என்று நம்பிவிடுவான். கீரமங்கலம் வாடகை வீட்டைக் காலி செய்து, புதுக்கோட்டையில் நாங்கள் கட்டிய வீட்டுக்குக் குடிபோன அன்று நானும் நம்பினேன்.

பழைய வீட்டுக் கொல்லையில் மகள் யாழினிக்காக வாங்கிப் போட்ட இரும்பு ஊஞ்சல் நின்றது. "ஊஞ்சல் வந்தாத்தான் நான் அந்த வீட்டுக்குள்ள வருவேன்" என்று சொல்லிவிட்டாள். (வயது ஆறு. எங்கள் வீட்டில் கடைசி முடிவு அவளுடையதுதான்.) விடிந்ததிலிருந்து மல்லுக்கட்டினேன். துருப்பிடித்த போல்ட் ஒன்றுகூட அசையவில்லை. என் இடுப்புதான் கழன்றது.

"ஏங்க, வெல்டிங் பட்டறையில சொன்னா வந்து கழட்டிக் குடுப்பாங்கள்ல?" என்றாள் மனைவி செல்வி.

"எதுக்குக் கழட்டணும்? முழுசாவே கொண்டு போயிருவோம்."

அவளும் யாழினியும் பஸ்ஸில் முன்னால் போனார்கள். ஊஞ்சலை லோடு ஆட்டோவில் நிமிர்த்தி நிறுத்திக் கட்டினோம்.

"சார், பலகை ஆடி ஆடிக் கண்ணாடிய ஒடைச்சிரும். புடிச்சுக்கிட்டு வாங்க" என்றார் டிரைவர்.

பிடிப்பதற்குச் சுலபமான வழி அதில் உட்காருவதுதான் என்று என் மூளைக்குப் பட்டது. வழியெல்லாம் ஜனங்கள் கையசைத்தார்கள். நானும் எம்.எல்.ஏ. மாதிரி திருப்பிக் கையசைத்தேன்.

ஆலங்குடி தாண்டியதும் ரோடு வேலை. டிரைவர் ஒரு கிராமத்துத் தெருவுக்குள் வண்டியைத் திருப்பினார். தெருமுனையில் காதுகுத்துக்காக வாழை மரம் கட்டிய வளைவு. நான் "அண்ணே!" என்று கத்துவதற்குள் 'மடார்' என்றது. கண்ணைத் திறந்தபோது மடியில் ஒரு வாழைத்தார். கழுத்தில் சீரியல் லைட்டு.

எதிரே தாய்மாமன் சீர் வந்துகொண்டிருந்தது. மேளம் நின்றுவிட்டது. சீருக்கு வந்த கிடாய்கூட என்னை முறைத்தது.

"யோவ், யாருய்யா நீ? வளைவச் சாச்சுப்புட்டு ஊஞ்சலாடுற?" என்று மீசையை முறுக்கிக்கொண்டு வந்தார் தாய்மாமன்.

"வீடு மாத்துறோம்ங்க..." என்றேன். அடி விழப்போவது நிச்சயம். எங்கே என்பதுதான் தெரியவில்லை.

ஊஞ்சல் கால்களில் சிக்கிய வளைவுக் கயிற்றை எடுப்பதற்காக, ஊர்க்காரர்கள் அதைத் தரையில் இறக்கினார்கள். அப்போதுதான் பந்தலிலிருந்து காது குத்த வேண்டிய குழந்தையைத் தூக்கி வந்தார்கள். மொட்டை போட்டதிலிருந்து வீறிட்டுக்கொண்டிருந்தவள், மாமன் மடியில் உட்கார மாட்டேன் என்று பெற்றவளைக் கலங்கடித்திருந்தாள். ஊஞ்சலைப் பார்த்ததும் கப்பென்று நிறுத்தினாள்.

"ஊஞ்ச... ஊஞ்ச..."

தாய்மாமன் என்னைப் பார்த்தார், ஊஞ்சலைப் பார்த்தார். குழந்தையை வாங்கிக்கொண்டு அதில் உட்கார்ந்தார். "ஆசாரி, இங்கிட்டு வாங்க! யோவ், நீ சங்கிலிய ஆடாமப் புடி!"

பிடித்தேன். முதல் காது குத்தியது அவளுக்கே தெரியவில்லை. இரண்டாவதற்கு வாய் கோணியது. லேசாக ஆட்டிவிட்டேன், சிரித்துவிட்டாள். அவள் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நல்ல நேரத்துல வந்தீங்கண்ணே" என்றாள். வளைவைச் சாய்த்தவனுக்கு இப்படி ஒரு வார்த்தை!

கறிச்சோறு போடாமல் விடவில்லை. சாப்பிட்டதும் ஊஞ்சலைப் படுக்க வைத்துக் கட்டி, நாலைந்து பேர் பைக்கில் கூடவே வந்தார்கள். புது வீட்டு வாசலில் யாழினி உம்மென்று உட்கார்ந்திருந்தாள். வந்தவர்களே குழி தோண்டி ஊஞ்சலை நட்டார்கள். அவள் ஏறி ஆடிய பிறகுதான் காபிக்கு உட்கார்ந்தார்கள். அந்தத் தெருவில் ஒரு முகமும் தெரியாத எங்களுக்கு, முதல் நாளே வீடு நிறையச் சொந்தம்.

இன்றைக்கும் அவர்கள் வீட்டில் எங்களைக் கூப்பிடாமல் ஒரு விசேஷம் நடப்பதில்லை. பத்திரிகை வைத்த பிறகும் அந்தத் தாய்மாமன் தவறாமல் போன் செய்வார்.

"மச்சான், வாழை மரம் கட்டியாச்சு. தெருமுனையில எறங்கி நடந்தே வந்துருங்க!"