கம்ப்யூட்டர்களுக்குப் பேர் கூப்பிட்ட பெரட்டு அண்ணன்

பிள்ளைகளே, கம்ப்யூட்டரை நம்பர் சொல்லிக் கூப்பிட்டு, பதில் வரும்வரை காத்து நின்ற மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் பதுளையில் எங்கள் தேயிலை ஆபீசில் கம்ப்யூட்டர்களுக்குப் பொறுப்பாக இருந்தார். பெரட்டு அண்ணன் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும்.

தெமோதரைப் பக்கம், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்தவர். தோட்டத்தில் காலையில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடுவார்களே, அதுதான் பெரட்டு. அண்ணன் அதை ஆபீசுக்குக் கொண்டுவந்துவிட்டார். திங்கட்கிழமை எட்டு மணிக்கு அவரவர் கம்ப்யூட்டர் பக்கத்தில் நிற்க வேண்டும். அவர் ஒவ்வொரு கம்ப்யூட்டரின் நம்பரையும் கூப்பிடுவார். நாங்கள் "இருக்குங்க" என்போம். பிறகு உள்ளே என்னென்ன மென்பொருள் இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் லைசன்ஸ் உண்டா என்று நோட்டில் பார்ப்பார். ஒரு கம்ப்யூட்டருக்கு வாங்கியதை இரண்டில் போட்டால் அது திருட்டு.

ஒருநாள் மேனேஜர் தேத்தண்ணீர்க் கோப்பையோடு நழுவப் பார்த்தார்.

"தொரைக்கும் பெரட்டு உண்டுங்க!"

மேனேஜர் கோப்பையோடே வந்து நின்றார். ரிப்பேருக்குப் போன ஏழாம் நம்பரையும் அண்ணன் விடவில்லை. அவரே கூப்பிட்டு, அவரே "சொகமில்லைங்க" என்று பதிலும் சொல்லிக்கொண்டார்.

அப்போதுதான் மென்பொருள் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. இரண்டு வாரத்தில் சோதனைக்கு வருகிறார்களாம். மேனேஜர் எல்லோரையும் கூப்பிட்டார். "களவா எதையாவது போட்டவங்க இருந்தா, அவங்களுக்கு இங்க வேலை இல்ல!"

அந்த வாரம்தான் மகளின் பள்ளிக்கூட வாழ்த்து அட்டைக்காக, லைசன்ஸ் இல்லாத படம் வரையும் மென்பொருள் ஒன்றை என் கம்ப்யூட்டரில் போட்டிருந்தேன். அழிப்பதற்குள் திங்கட்கிழமை வந்துவிட்டது.

"நாலாம் நம்பர்!"

"இருக்குங்க."

அண்ணன் திரையில் குனிந்தார். "இது யாருங்க? பேர் பதியாத ஆளு வரிசையில நிக்குது."

"மெதுவா பேசுங்கண்ணே! மக அட்டைக்குப் போட்டது. இப்பவே அழிச்சிடுறேன், எழுதாதீங்க. வேலை போயிரும்."

"அழிச்சிடுங்க. ஆனா வந்தத வரலன்னு எழுத மாட்டேன். ஒரு வரி பொய்யாப் போனா மத்த வரிய யாரு நம்புவா?"

எழுதினார். சோதனை நாள் வரை நான் அவரோடு பேசவில்லை.

சோதனைக்கு வந்த அம்மா நோட்டைப் புரட்டிக்கொண்டே வந்து, என் வரியில் நிறுத்தினார். "இத யார் போட்டது?"

மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் என் செருப்பைப் பார்த்தேன்.

"கம்ப்யூட்டருக்குப் பொறுப்பு நாந்தாங்க," என்றார் அண்ணன். "யாரும் எதையும் போடலாம்னு பூட்டாம வச்சது நான். அன்னைக்கே அழிச்சு, பேர் வெட்டியாச்சு. தேதி பக்கத்துலயே இருக்கு."

அந்த அம்மா சிரித்துவிட்டார். "தப்பைத் தாங்களே எழுதி வச்சிருக்கிற ஆபீச இப்பத்தான் பாக்கிறேன்." மூன்று கம்ப்யூட்டர்களைத் திறந்து பார்த்தார். நோட்டில் இருந்தபடியே இருந்தன. எச்சரித்துவிட்டுப் போனார். மேனேஜரின் எச்சரிக்கைக் கடிதம் மட்டும் அண்ணன் பேருக்கு வந்தது. அதையும் அவர் நோட்டில் பதிந்து வைத்தார்.

நான் அன்றைக்கு வாய் திறக்கவில்லை, பிள்ளைகளே. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அண்ணனை மொனராகலைக் கிளைக்கு மாற்றிவிட்டார்கள். இங்கே இப்போது பேர் கூப்பிட ஆளில்லை. ஆனாலும் திங்கட்கிழமை எட்டு மணிக்கு, நாலாம் நம்பர் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்று, யாருக்கும் கேட்காமல் "இருக்குங்க" என்று சொல்லிவிட்டுத்தான் உட்காருகிறேன்.